பணம் கொடுத்தாச்சு, ஜப்தி ஏன் இன்னும் வில்லங்கத்தில் நிற்கிறது?

காவேரிப்பட்டினம் பக்கத்து மா விவசாயி ஒருவர், மாங்காய் சீசன் முடிந்த கையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். புரோநோட்டுக் கடனுக்காக அவர்மேல் 3 லட்சத்துக்கு டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு. ஒன்றரை ஏக்கர் தோப்பு ஜப்தியில் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலிடம் மாதக்கணக்கில் பேசி, இரண்டரை லட்சத்துக்கு முடித்து, பெரியவர்கள் முன்னிலையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்.

"கையெழுத்தும் வாங்கியிருக்கேனுங்க சார். மூணு மாசமாச்சு. பொண்ணு கல்யாணத்துக்குக் கொஞ்சம் விக்கலாம்னு வில்லங்கம் போட்டுப் பார்த்தா ஜப்தி அப்படியே நிக்குதுங்க."

அந்தத் தாளைக் கோர்ட்டில் யாருமே காட்டவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் ஆணை, 2ஆம் விதி இங்கே மிகக் கறாரானது. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணம், இ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) நடக்கும் கோர்ட்டில் பதிவாகாவிட்டால், அந்தக் கோர்ட் அதைக் கணக்கில் எடுக்காது. கடனாளி தானே மனுப்போட்டுப் பதியச் சொல்ல, பணம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. இவருக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. எவ்வளவோ பேர் இந்த ஒரு இடத்தில் கொடுத்த பணத்தையே மறுபடி கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அது என்னை இன்றும் வருத்துகிறது.

நல்லவேளை, டிக்ரிதாரர், அதாவது பணம் வர வேண்டியவர், நேர்மையானவர். அவர் தானாக முன்வந்து சான்று செய்வதற்கு அந்த 30 நாள் கெடு பொருந்தாது. கோர்ட்டுக்கு வந்து, பணம் வந்து சேர்ந்தது என்று சொன்னார். டிக்ரி முழுவதும் தீர்ந்ததாகப் பதிவானது.

இவருக்கு ஆனதுபோல் ராஜி பேச்சு மாதக்கணக்கில் இழுத்தால், அதற்குக் காரணம் எப்போதும் வக்கீலின் அலட்சியம் அல்ல. டிக்ரிதாரர் இறந்து வாரிசுகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். வட்டிக் கணக்கில் ஒத்துவராது. அல்லது ஜப்தியான நிலத்தைக் கோர்ட் ஏலம் விட்டால் அதிகம் கிடைக்கும் என்று எதிர்த்தரப்பு காத்திருக்கும். ஆனால் நாள் ஓடினால் வட்டியும் ஓடும்: டிக்ரியில் 3 லட்சத்துக்கு 6 சதவீத வட்டி போட்டிருந்தால் மாதம் 1,500 ரூபாய். அவர்கள் பதிலே சொல்லவில்லையென்றால், முழுத் தொகையையும் கோர்ட்டில் கட்டி நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் சேர்ந்த நாளோடு கட்டிய தொகைக்கு வட்டி நின்றுவிடும். குறைத்துக் கேட்கிறீர்கள் என்றால் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "பேசிக்கிட்டிருக்கோம், அவங்க ஏலத்துக்குப் போகமாட்டாங்க" என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பேச்சு நடப்பதால் மட்டும் ஏலம் நிற்காது. கோர்ட் உத்தரவு வேண்டும். ஏலமே முடிந்துவிட்டாலும் 60 நாளுக்குள், ஏல அறிவிப்பில் கண்ட தொகையோடு, ஏலம் எடுத்தவருக்கு அவர் விலையில் 5 சதவீதமும் சேர்த்துக் கட்டி நிலத்தை மீட்க மனுச் செய்யலாம். அதை விட்டால் வழி மிகவும் குறுகிவிடும்.

மாந்தோப்புக்காரருக்குப் பதிவு ஆனபிறகும் வேலை இருந்தது. ஜப்தி நீங்கிய உத்தரவுக்கு நகல் மனுப்போட்டு, வாங்கி, அவரையே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். அதற்குள் தரகர் ஒருவர் "அட்வான்ஸ் வாங்கிக்கலாம்" என்று வந்தார். ஜப்தி நிற்கும்போது செய்யும் கிரயம் டிக்ரிதாரரின் உரிமைக்கு எதிராகச் செல்லாது என்பதைச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். புதிதாகப் போட்ட வில்லங்கச் சான்றில் ஜப்தி நீக்கம் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கிரயம் எழுதினார்.