15 வருஷம் ஆன பைக்: ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வுக்குப் போகும்போது எதில் மாட்டும்?

"பதினஞ்சு வருஷம் ஆயிடுச்சா? இனிமேல் பேரீச்சம்பழத்துக்குத்தான்" என்று பழைய பைக் வைத்திருப்பவரிடம் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். தமிழ்நாட்டில் சொந்த உபயோக பைக்குகளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையும், அரசுத் துறை வண்டிகளுக்கு 15 ஆண்டுக்கு மேல் பதிவு கிடையாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் வந்த விதியும் சேர்ந்து கிளப்பிவிட்ட வதந்தி இது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 41 சொல்வது வேறு. சொந்த வண்டியின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி, ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். எத்தனை முறை என்று வரம்பு கிடையாது. பேச்சு வழக்கில் இதையும் "எஃப்.சி. காட்டுவது" என்கிறோம். ஆனால் லாரி, ஆட்டோவுக்கு 8 ஆண்டு கடந்தபின் வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, உண்டு; சொந்த பைக்குக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை போதும். பைக்குக்கு அடிக்கடி எடுக்க வேண்டியது புகைச் சான்று மட்டும்தான். அதற்குப் பின்னால் வருவோம்.

ஆர்.சி. தேதி முடிந்த வண்டி சட்டத்தின் பார்வையில் பதிவு இல்லாத வண்டி. தெருவில் எடுக்கவே கூடாது. பிரிவு 192இன்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய அடி இன்சூரன்சில் விழும். செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் வண்டி ஓட்டுவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், சொந்த வண்டிச் சேதத்துக்குக் கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம்.

தேதி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். படிவம் 25, வண்டி இப்போது இருக்கும் எல்லைக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகம். 2022 ஏப்ரல் 1 வரை 300 ரூபாயாக இருந்த கட்டணம் அன்று முதல் 1,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கினார்கள். இதோடு தமிழ்நாட்டின் பசுமை வரியும், ஸ்மார்ட் கார்டு போன்ற சில்லறைச் செலவுகளும் சேரும். தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய். மாதத்தில் ஒரு நாள் கடந்தாலும் முழு மாதக் கணக்கு. தேதி தெரியாமல் 14 மாதம் ஓட்டிவிட்டால் தாமதக் கட்டணம் மட்டும் 4,200. பல பழைய 100 சி.சி. வண்டிகளின் சந்தை விலையில் இது கணிசமான பங்கு. அதனால் இன்றே ஆர்.சி.யை எடுத்து, பதிவுத் தேதிக்குக் கீழே எதுவரை செல்லும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

வண்டி ஆய்வில் தேறாமல் போவதைவிட, ஆய்வு வரைக்கும் போகாமலே நிற்பதுதான் அதிகம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணும் சேஸ் நம்பரின் கடைசி 5 எழுத்தெண்களும் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அது 15 வருஷத்துக்கு முன் ஷோரூமில் யாரோ எழுதிக்கொடுத்த செல் நம்பருக்குப் போகும். முதல் வேலை அந்த எண்ணை மாற்றுவது. கைப்புத்தக ஆர்.சி. காலத்து வண்டி என்றால் கணினியில் விவரமே ஏறாமல் இருக்கலாம். முதலில் பதிவான அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். பெயர் மாற்றாமல் வாங்கிய வண்டிக்கு படிவம் 29, 30. அப்பா பெயரில் இருந்து அவர் இறந்துவிட்டிருந்தால் படிவம் 31. கடன் அடைத்தும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வாங்கி நீக்கிவிடுவது நல்லது, அந்தக் கம்பெனி இழுத்து மூடுவதற்குள். நிலுவையில் உள்ள இ-செலானையும் கட்டிவிடுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் ஆய்வு நாளன்று உயிரோடு இருக்க வேண்டும்.

ஆய்வு நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது சேஸ் நம்பரை. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் நுழையும் குழாயின் வலப்பக்கம் அடித்திருக்கும். 15 வருஷத்து மழையும், ஒயர்கள் உரசியதும், இடையில் பூசிய பெயின்டும் சேர்ந்து அந்த இடம் ஒரு பொருக்கு மாதிரி ஆகியிருக்கும். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்துவைத்து, பழைய பல்துலக்கியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். பெயின்ட் இருந்தால் தின்னரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் ஒட்டிவைத்துத் துடையுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எல்லா எழுத்தும் வெள்ளையாக எழும்ப வேண்டும். அதுதான் பென்சில் பிரிண்ட். உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் இந்தப் பக்கமே வரக்கூடாது. '3' தேய்ந்து '8' மாதிரியோ, '8' தேய்ந்து '3' மாதிரியோ தெரிந்தால், திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தில் கோப்பு அப்படியே நின்றுவிடும். இன்ஜின் நம்பர் கிராங்க் கேசின் கீழ்ப்பகுதியில் இருக்கும், ஆயிலும் புழுதியும் அப்பியிருக்கும், அதையும் கழுவிவிடுங்கள். சிலிண்டர் போர் வேலைக்குப் போனபோது கேஸ் மாற்றி, நம்பர் வேறாக இருக்கும் வண்டிகளும் உண்டு. ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

அடுத்து விளக்குகள். மத்திய மோட்டார் வாகன விதி 62இன் பட்டியலில் ஹெட்லைட், மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டியரிங் எல்லாம் வருகிறது. ஸ்பார்க் பிளக் ஒயர் வரைக்கும் உண்டு. பழைய பைக்கில் ஹெட்லைட் பெரும்பாலும் பேட்டரியில் அல்லாமல் நேரே காயிலிலிருந்து எரியும். ஐடிலில் மங்கி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிரகாசமாவது அதன் இயல்பு. அது குறை ஆகாது. குறை என்னவென்றால் ஹை, லோ இரண்டில் ஒன்று எரியாமல் இருப்பதும், கண்ணைக் குத்தும் வெள்ளை எல்.இ.டி. மாட்டியிருப்பதும். 35/35 வாட் பழைய பல்பையே போட்டுவிடுங்கள். பிரேக் லைட்டில் ஒரு நுணுக்கம்: கால் பிரேக்குக்கு எரியும், கை பிரேக்குக்கு எரியாது, லீவர் அடியிலுள்ள சின்ன ஸ்விட்ச் துருப்பிடித்திருக்கும். இரண்டையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால் ஒரு பல்பு போயிருக்கும், அல்லது வாட் குறைந்த பல்பு மாட்டியிருக்கும்.

ஸ்பீடோமீட்டர் முள் செத்துக் கிடக்காத பழைய வண்டி அபூர்வம். பல சமயம் கேபிள் அறுந்திருக்கும். புதுக் கேபிள் மாட்டியும் முள் அசையாவிட்டால் முன்சக்கர ஹப்பிலுள்ள பல்சக்கரம் தேய்ந்திருக்கும். பெரிய செலவில்லை என்பதாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை.

பிரேக்குக்குக் கையும் காலும்தான் அளவுகோல். முன் லீவர் 10 முதல் 20 மி.மீ., பின் பெடல் 20 முதல் 30 மி.மீ. சும்மா போய்ப் பிறகு பிடிக்க வேண்டும். டிரம் வண்டியில் நட்டைத் திருகிக்கொண்டே போனால் பெடல் உயர்ந்துவிடும், பிரேக் நன்றாக இருப்பது போலத் தோன்றும். டிரம் மூடியிலுள்ள அம்புக்குறி, பிரேக்கை அழுத்தும்போது எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது என்று பொருள். பிரேக் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது மெக்கானிக் கடையில் சகஜமான குறுக்குவழி. அதை ஒத்துக்கொள்ளாதீர்கள், ஷூவை மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் கோன் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) பெரும்பாலோர் கவனிக்காத இடம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்னால் அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கச் செய்யுங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் போய்விட்டது. பல வருஷம் நேராகவே ஓடியதால் பால்ரஸ் அந்த ஒரே இடத்தில் குழி பறித்திருக்கும். இறுக்கினால் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். அப்படியே ஃபோர்க் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்றால் கோன் தளர்வு. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது அசைந்தால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ். ஃபோர்க் குழாயில் ஆயில் வழிந்தால் சீல் மாற்றுங்கள், அது இறங்கிப் பிரேக்கில் பட்டால் வேறு வம்பு.

டயரில் பட்டன் ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பக்கச் சுவரிலுள்ள டி.டபிள்யூ.ஐ. குறிக்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். அதோடு பட்டன் சமமானால் டயர் மொட்டை.

நம்பர் பிளேட்டில் தலைவர் படம், சாதிப் பெயர், வளைந்த எழுத்து எல்லாம் அன்று ஒருநாளாவது வீட்டில் இருக்கட்டும். இல்லை, நிரந்தரமாகவே எடுத்துவிடுங்கள். பின்பக்க எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ., முன்பக்கம் இரண்டும் 30 மி.மீ. உயரம். வெள்ளையில் கறுப்பு. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்க வேண்டும். கறுப்பு வண்டியைப் பச்சையாக்கியிருந்தால் முதலில் அதைப் பதிவு செய்ய வேண்டும். சைலன்சரைப் பிடுங்கிவிட்டுச் சத்தக் குழாய் மாட்டியிருந்தால் பேச்சே இல்லை. அப்படி மாற்றினதற்குப் பிரிவு 182ஏ ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது.

இனி புகை. பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நான்காம் கட்டம்) வருவதற்கு முந்திய வண்டிக்குச் சான்று 6 மாதம், பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிக்கு ஒரு வருஷம். 2000 மார்ச்சுக்குப் பிறகு வந்த ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோ கார்பன் 4,500 பி.பி.எம். தாண்டக்கூடாது. டூ ஸ்ட்ரோக்குக்கு அதே 3.5, ஆனால் 6,000 பி.பி.எம். அதற்கும் முந்தியவற்றுக்கு 4.5 சதவீதம், 9,000 பி.பி.எம். ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் வருவது இந்தக் கடைசி வரிசையில். வண்டி ஒழுங்காக இருந்தால் தாராளமான அளவு.

புகைச் சோதனைச் சீட்டில் எந்த எண் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறினால் பெட்ரோல் அதிகம் போகிறது: ஏர் ஃபில்டர் அடைப்பு, முழுக்கத் திரும்பாத சோக், தவறான ஏர் ஸ்குரூ. ஹைட்ரோ கார்பன் மட்டும் ஏறினால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது: பழைய பிளக், தப்பான டேப்பெட், போரில் கம்ப்ரஷன் இல்லாமை, டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் தாராளமாக ஊற்றியது. குளிர்ந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். 15 நிமிஷம் ஓட்டி, இன்ஜின் சூடாகி, ஐடில் சீராக நிற்கும்போது சோதிக்கச் சொல்லுங்கள். குழாயை உள்ளே விடாமலே சீட்டு அடித்துத் தரும் இடங்களுக்குக் குறைவில்லை. அந்தச் சீட்டு பரிசோதகரைத் திருப்திப்படுத்தலாம், ஆனால் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் எங்கே போகிறது என்று உங்களுக்குச் சொல்லாது.

ஆய்வில் குறை சொன்னால் வண்டி பறிபோய்விடாது. எது குறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சரிசெய்து மறுபடி காட்டலாம். ஆனால் இடையில் ஆர்.சி. தேதி முடிந்தால் மாதம் 300 ஓட ஆரம்பித்துவிடும். அதனால்தான் 60 நாளில் முதல் வாரத்திலேயே போகச் சொல்வது.

கணக்குப் பார்த்து, புதுப்பிப்பதில் லாபமில்லை என்று முடிவு செய்தாலும் பழைய இரும்புக் கடையில் அப்படியே தள்ளிவிட்டு வராதீர்கள். வண்டி உடைக்கப்பட்டதை 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கப் பிரிவு 55 சொல்கிறது. பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றும் தருவார்கள். அதைச் செய்யாவிட்டால், அந்த நம்பரை வேறு வண்டியில் மாட்டி யாராவது ஓட்டினாலும் பதிவேட்டில் உரிமையாளர் நீங்கள்தான்.