பேண்ட் போட்ட ரோமன் ஆபீசர்: அவரை எப்படி மறுபடி உருவாக்குறாங்க?

ரோமன் ஆபீசர்னு சொன்னாலே சினிமா பார்த்த எல்லாருக்கும் ஒரே உருவம்தான் வரும், நெஞ்சுல சிக்ஸ் பேக் செதுக்குன கவசம், தலையில செவப்பு கொண்டை வச்ச ஹெல்மெட், முட்டிக்குக் கீழ வெறுங்காலு. கி.பி. 300, 400கள்ல இருந்த ஆபீசரை நீங்க பார்த்தா ரோமன்னே சொல்ல மாட்டீங்க. நீளக்கை வச்ச சட்டை, காலோட ஒட்டுன பேண்ட், இடுப்புல அகலமா ஒரு பெல்ட், வலது தோள்ல ப்ரூச் குத்தித் தொங்கவிட்ட பெரிய மேலாடை, தலையில வட்டமா தட்டையா ஒரு தொப்பி.

சரி, துணி மக்கிடும், தோல் மக்கிடும், இரும்பு துருப்பிடிச்சு போயிடும், அப்புறம் எப்படிய்யா இவ்வளவு தெரியும்னு கேட்டா, பாதி பதில் மண்ணுலதான் இருக்கு. எந்த மண்ணு எதைத் தின்னும், எதை விட்டுவைக்கும்ங்கறதுதான் இங்க கெமிஸ்ட்ரி.

1910ல நெதர்லாந்துல டர்ன்ங்கற ஊர் பக்கம் சதுப்பு நிலத்துல பீட் வெட்டிக்கிட்டு இருந்த ஒரு ஆளு கையில தங்க முலாம் பூசுன வெள்ளி ஹெல்மெட் ஒண்ணு மாட்டுச்சு. பீட்னா பாசியும் செடியும் சரியா மக்காம ஆயிரக்கணக்கான வருஷமா அமுங்கிக் கிடக்குற கறுப்பு மண்ணு, காய வச்சு எரிக்கறதுக்காக வெட்டுவாங்க. ஹெல்மெட்டோட தோல் செருப்பு, குதிரைக்காரன் குத்துமுள், ப்ரூச், துணித் துண்டுங்க, கொஞ்சம் காசு எல்லாம் கிடைச்சுது. காசுல கடைசியா அடிச்சது 319-320 வாக்குல, அதனால காலம் கிட்டத்தட்ட தெரிஞ்சுபோச்சு. ஹெல்மெட் மேலயே குதிரைப்படைப் பிரிவோட பேரும், செஞ்சவரோட பேரும், எவ்வளவு வெள்ளிங்கற எடையும் பொறிச்சிருக்கு (அரசாங்க கணக்குன்னா அப்பவே அப்படித்தான் போல). ஆனா ஆள் உடம்பு இல்ல. சேத்துல மூழ்கிட்டானா, இல்ல சாமிக்கு காணிக்கையா போட்டுட்டு போனானான்னு இன்னும் சண்டை ஓடிட்டு இருக்கு.

இப்ப கவனிங்க, அந்த மண்ணுல ஆக்ஸிஜன் இல்ல, அமிலம் ஜாஸ்தி. தோலும் கம்பளியும் புரதம், அதுங்க பதப்பட்டு அப்படியே நின்னுடும். லினன் செடி நார்ல நெஞ்ச துணி, அது செல்லுலோஸ், கரைஞ்சு காணாமப் போயிடும். இரும்பும் அப்படித்தான், அதனால அந்த ஹெல்மெட்டுக்கு உள்ள இருந்த இரும்புச் சட்டி முழுசா போயிடுச்சு, மேல போர்த்துன வெள்ளித் தகடு மட்டும்தான் மிச்சம். தகட்டுல இருக்குற ஆணி ஓட்டை, மடிப்பு, நடு உச்சியில ஓடுற மேடு இதையெல்லாம் வச்சு உள்ள இருந்த இரும்பு என்ன வடிவம்னு கணக்கு போடுறாங்க. இதே ஜாதி ஹெல்மெட் ரெண்டு 1955ல செர்பியாவுல பெர்காசோவோல கிடைச்சதுனால ஒப்பிட்டுப் பார்க்க முடிஞ்சுது. அதுல ஒண்ணுல பச்சைக் கல்லு மாதிரி தெரியுறதெல்லாம் வெறும் கண்ணாடி! டிஸ்ஸோன்ங்கற ஆளை ஆரோக்கியமா போட்டுக்கோன்னு கிரேக்கத்துல வாழ்த்து எழுதியிருக்கறதும் அங்க கிடைச்ச ஹெல்மெட்டுலதான்.

இங்கிலாந்துல வின்செஸ்டர் பக்கம் லங்க்ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்துல கதையே தலைகீழ். சுண்ணாம்பு மண்ணு, எலும்பு நிக்கும், துணி போயிடும். ஆனா ப்ரூச்சும் பக்கிளும் எலும்புக்கூட்டுக்கு எந்த இடத்துல கிடக்குதுன்னு அளந்து வரைஞ்சா எங்க குத்துனாங்க, எங்க கட்டுனாங்கன்னு ஓரளவு பிடிச்சிடலாம். இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும், பொதுவா உலோகம் துருப்பிடிக்கும்போது அதோட உப்பு பக்கத்துல ஒட்டியிருக்குற நூலுக்குள்ள ஏறி உறைஞ்சிடும், நூல் மக்குனாலும் அச்சு நிக்கும், மைக்ராஸ்கோப்ல பார்த்தா எந்தப் பக்கம் முறுக்குனாங்கன்னு வரைக்கும் தெரியும்.

பொருளை வச்சு மட்டும் ஆளை முழுசா உடுத்த முடியாது, அதுக்குத்தான் படங்க. ஸ்டிலிக்கோன்னு ஒரு பெரிய தளபதி, அவரோட உருவம்னு சொல்ற 400 வாக்குல செதுக்குன தந்தப் பலகை இத்தாலியில மோன்சா கதீட்ரல்ல இருக்கு. அதுல வலது தோள்ல மூணு குமிழ் வச்ச ப்ரூச், குமிழ் கீழ, ப்ரூச்சோட நீளமான கால் பகுதி மேல. மண்ணுல கிடைச்ச ப்ரூச்சை மட்டும் பார்த்தா எந்தப் பக்கம் மேலன்னு யாருக்குத் தெரியும். பல்கேரியாவுல சிலிஸ்ட்ரா கல்லறை ஓவியம் இன்னும் அருமை, வேலைக்காரங்க முதலாளிக்கு உடுப்பு எடுத்துட்டு வர்றாங்க, ஒருத்தன் கையில பேண்ட், இன்னொருத்தன் கையில ப்ரூச் குத்துன மேலாடை, கிட்டத்தட்ட முழு செட்டும் சுவத்துல இருக்கு.

கலர் எகிப்துலேர்ந்து வருது. அங்க வறண்ட மணல், லினனும் நிக்கும் கம்பளியும் நிக்கும். சட்டையோட தோள்லயும் முட்டிகிட்டயும் ஊதா வட்ட வேலைப்பாடு இருக்கும். ராஜ ஊதான்னு சொல்ற, கடல் நத்தையிலேர்ந்து எடுத்த உண்மையான ஊதாவுல ப்ரோமின் இருக்கும், அதனால ப்ரோமின் இருக்கான்னு டெஸ்ட் பண்ணா போதும். நிறைய துணில இல்ல! மஞ்சிட்டி வகைச் செடியோட செவப்பையும் அவுரி மாதிரி நீலச் சாயத்தையும் சேத்துப் போட்ட டூப்ளிகேட் ஊதா அது. ஓவியத்துல ஊதா தெரிஞ்ச உடனே ராஜ ஊதான்னு எழுதுறவங்க கொஞ்சம் நிதானிக்கணும்.

கேடயத்துல வரைஞ்ச சின்னங்களுக்கு நோட்டிஷியா டிக்னிட்டேட்டம்ங்கற அரசாங்கப் பட்டியலைத்தான் எல்லாரும் காப்பி அடிக்கிறாங்க. மூலம் 400 வாக்குல எழுதுனது, நம்ம கையில இருக்கறதோ 15ஆம் நூற்றாண்டுலயும் அதுக்கு அப்புறமும் காப்பிக்கு காப்பியா வரைஞ்சது, வழியில கலர் எவ்வளவு மாறிச்சோ. நான் அதை அரை மனசோடதான் நம்புவேன்.

பதவி விஷயத்துலயும் இதே குழப்பம்தான். தங்க ஹெல்மெட்னா ஆபீசர்னு முடிவு கட்டிடுறாங்க, ஆனா 374ல ஒரு தொழிலாளி 30 நாள்ல எத்தனை ஹெல்மெட்டுக்கு முலாம் போடணும்னு சட்டமே போட்டிருக்காங்க, அவ்வளவு மொத்தமா செஞ்ச சாமான் அது. டர்ன் ஆளு சாதாரண குதிரைவீரனா கூட இருக்கலாம். தங்கத்துலயே செஞ்ச ப்ரூச்தான் என்னைக் கேட்டா நம்பிக்கையான அடையாளம்.

அந்த சிக்ஸ் பேக் கவசம் கி.பி. 300, 400கள்லயும் சிலையில வருது, ஓவியத்துல வருது, ஆனா அந்தக் காலத்து நிஜக் கவசம்னு உறுதியா சொல்ற மாதிரி ஒண்ணும் கிடைக்கல. சங்கிலிக் கவசம் கிடைச்சிருக்கு, சிரியாவுல துரா யூரோபோஸ்ல 256 வாக்குல முற்றுகையில செத்த ஒரு வீரன் (எதிர்ப்பக்கம் இருந்த பாரசீகப் படை ஆளுன்னு நினைக்கிறாங்க) சுரங்கத்துக்குள்ள அதைப் போட்டபடியே கிடந்தான். சிலைங்க பழைய கிரேக்க ஸ்டைலை விடாம காப்பி அடிச்சதுதான்னு ஒரு கட்சி, கெட்டித் தோல்ல செஞ்சதால மக்கிடுச்சுன்னு இன்னொரு கட்சி. என்னை வரையச் சொன்னா சங்கிலியைத்தான் போடுவேன், அதுக்கு மேல மேலாடையைப் போத்திட்டா மிச்ச சண்டை அதுக்குள்ள மறைஞ்சுடும்.