பாலின அடையாளம்: சொல் விளக்கம்

லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா, மகளின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பாடத்திட்டம் பற்றிப் பெற்றோரிடம் கருத்துக் கேட்கும் கடிதம் அது. 'ஜெண்டர் ஐடென்டிட்டி', அதாவது பாலின அடையாளம், என்ற இடத்தில் சிவப்பில் வட்டம் போட்டு, கீழே கேட்டிருந்தார்: "இது பாலியல் கல்விதானே? இந்த வகுப்பிலிருந்து பிள்ளையை நிப்பாட்டலாமா?"

அந்தக் கேள்வியிலேயே பாலினம், பாலியல் என்ற இரண்டு சொற்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால்தான் அங்கே அரசு பெற்றோருக்கு என்ன பதில் சொல்லியிருக்கிறது என்பது புரியும்.

முதலில் 'பால்'. 'பகு' என்பதோடு உறவுள்ள சொல் இது. பகுப்பு, பிரிவு என்று பொருள். அறத்துப்பால், பொருட்பால் என்று சொல்லும்போது இந்தப் பொருள்தான் வருகிறது. இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்து. ஆண், பெண் என்பதோடு ஒருமை பன்மையையும் அது சேர்த்தே பிரிக்கிறது. இன்றைய வழக்கில், பிறக்கும்போது உடலை வைத்துச் சொல்லும் ஆண், பெண் வேறுபாட்டுக்குப் 'பால்' என்கிறோம்.

'பாலினம்' பிற்கால ஆக்கம். ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று சமூகம் வகுத்து வைத்திருக்கும் உடை, வேலை, நடத்தை எல்லாம் இதற்குள் வரும். ஆங்கிலத்தின் 'ஜெண்டர்', லத்தீன் 'கெனுஸ்' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. 'கெனுஸ்' என்றால் வகை, இனம். அந்த வகையில் பால், இனம் இரண்டையும் சேர்த்த நம் சொல் மூலத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆங்கிலத்திலும் அது நெடுங்காலம் முதன்மையாக இலக்கணச் சொல்லாகவே இருந்தது. 1950, 60களில்தான் அமெரிக்க மருத்துவர்களும் உளவியலாளர்களும் மனிதர் விஷயத்தில் அதை இன்றைய பொருளில் ஆளத் தொடங்கினார்கள். 'ஜெண்டர் ஐடென்டிட்டி' என்ற தொடரை 1960களில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஸ்டோலர் என்ற உளவியல் மருத்துவர். தான் ஆண், தான் பெண், அல்லது இரண்டிலும் அடங்காதவர் என்று ஒருவர் தனக்குள் உணர்வதை அது குறிக்கிறது.

இங்கேதான் தமிழில் சிக்கல் வருகிறது. 'அடையாளம்' என்றால் நமக்கு வெளியே தெரிவது. பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்ற வரிக்கு நேரே "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று எழுதியிருக்குமே, அதுதான் அடையாளம். மற்றவர் பார்த்துக் கண்டுகொள்வது. ஆனால் இந்தத் தொடர் குறிப்பதோ உள்ளே இருக்கும் ஓர் உணர்வை. என்னைக் கேட்டால் 'பாலினத் தன்னுணர்வு' இன்னும் சரியான சொல். ஆனாலும் 'பாலின அடையாளம்' நன்றாக வேரூன்றிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இத்துறைக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆங்கிலத்தின் 'குயர்' என்பதற்கான 'பால்புதுமையர்' போன்ற சொற்கள் அதில் அதிகாரபூர்வமாயின. சொல்லை மாற்றுவதைவிட, வரும்போதெல்லாம் விளக்கிச் சொல்வது நல்லது.

யார்மீது ஈர்ப்பு என்பது 'பாலீர்ப்பு'. அது வேறு சங்கதி. 2019இல் பர்மிங்காமில் பெற்றோர் பள்ளி வாசலில் நின்று போராடியபோது பேச்சு பெரும்பாலும் ஒருபால் இணையர் குடும்பங்களைப் பற்றித்தான். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் சண்டை பெரிதாகிறதே தவிர எதுவும் தெளிவதில்லை. அப்புறம் 'பாலியல்'. உடலுறவு, இனப்பெருக்கம் சார்ந்தது அது. செய்தித்தாளில் வன்முறை, துன்புறுத்தல் என்ற சொற்களுக்கு முன்னால் அதைப் பார்த்துப் பார்த்து, 'பாலியல் கல்வி' என்றதுமே நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அக்காவின் பயத்திலும் அது இருந்தது.

சரி, இங்கிலாந்து அரசின் பதில் என்ன? 2020 செப்டம்பர் முதல் அங்கே தொடக்கப் பள்ளியில் உறவுகள் பற்றிய பாடமும், இடைநிலைப் பள்ளியில் உறவும் பாலியலும் சேர்ந்த பாடமும் கட்டாயம். பாலியல் கல்விப் பகுதியிலிருந்து மட்டும் பிள்ளையை விலக்கும்படி பெற்றோர் கேட்கலாம். உறவுகள் பகுதியிலிருந்து முடியாது. அதே மாதம் கல்வித்துறை தந்த வழிகாட்டலில், உடையையோ விருப்பங்களையோ வைத்துப் பிள்ளையிடம் 'நீ வேறு பாலினமாக இருக்கலாம்' என்று சொல்லக் கூடாது என்றிருந்தது. பாடப்பொருளைக் காட்ட மறுக்கிறார்கள் என்று பெற்றோர் குறைப்பட்டபோது, 2023இல் கல்வி அமைச்சர் கில்லியன் கீகன் பள்ளிகளுக்கு எழுதினார்: கேட்டால் காட்ட வேண்டும், பதிப்புரிமையைச் சாக்குச் சொல்லக் கூடாது. 2024 மே மாத வரைவு ஒருபடி மேலே போய், பாலின அடையாளம் என்ற கருத்தையே கற்பிக்க வேண்டாம் என்றது. ஜூலையில் ஆட்சி மாறியது. 2025 ஜூலையில் வந்த இறுதி வழிகாட்டல் 2026 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு என்று அறிவிக்கப்பட்டது. உடற்பாலையும் பாலின மாற்றத்தையும் பற்றிய உண்மைகளையும் சட்டத்தையும் கற்பிக்க வேண்டும்; ஆனால் 'எல்லோருக்கும் ஒரு பாலின அடையாளம் உண்டு' என்பதை உறுதியான உண்மையாகக் கற்பிக்கக் கூடாது.

இந்தக் கடைசி வரியில்தான் நம் சொல்லாய்வு உதவுகிறது. மச்சம் போன்ற அடையாளம் என்றால் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். தன்னுணர்வு என்னும்போது, அது எல்லோருக்கும் உண்டா என்பதே வாதத்துக்குரியதாகிறது. 'பாலின மாற்றம்' என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழில் அதைக் கேட்டதும் அறுவை சிகிச்சைதான் நினைவுக்கு வரும். 2010 சமத்துவச் சட்டத்திலோ, மாறத் தீர்மானித்தவருக்கும் மாறும் வழியில் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. சிகிச்சை நடந்திருக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு பிள்ளை அதே வகுப்பில், நம் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் காதிலும் விழும் என்று நினைத்துத்தான் பெரியவர்கள் இதைப் பேச வேண்டும்.

அக்காவுக்கு இதையெல்லாம் குரல் பதிவாக அனுப்பினேன். விலக்கக் கேட்கும் முன், பாடப்பொருளைக் காட்டச் சொல்லி எழுதுங்கள் என்றேன். எழுதினார், பள்ளி அனுப்பியது. படித்துவிட்டு இரவு அழைத்தார். "அம்மாவும் கேக்கிறா, அவவுக்கு எப்பிடிச் சொல்ல?"

"தான் ஆணா பெண்ணா எண்டு ஒராளுக்குத் தன்ர மனசுக்குள்ள படுறது" என்று சொல்லச் சொன்னேன்.