நானோபோர்: துளையா, புரையா?

‘நானோபோர்’ என்ற அறிவியல் சொல்லையும், அத்தகைய சிற்றிடைவெளிகளில் அடைபட்ட பொருள்களை நிறமாலை கொண்டு ஆராயும் துறையின் பெயரையும் தமிழில் எப்படிச் சொல்வது? ‘போர்’ என்று தமிழில் எழுதினால், சேலத்துக்காரருக்குச் சண்டையோ, வைக்கோற்போரோ, தோட்டத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறோதான் நினைவுக்கு வரும். அறிவியலில் வழங்கும் ‘போர்’ வேறு. வழி, கடவு என்னும் பொருளுடைய ‘போரோஸ்’ என்ற கிரேக்கச் சொல், இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்து, திடப்பொருளுக்குள் இருக்கும் சிற்றிடைவெளியைக் குறிக்கலாயிற்று. ‘நானோ’ குள்ளனைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அளவைகளில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதற்குத் தமிழில் ‘நுண்துளை’ என்பதே பெருவழக்கு. ஆனால் துளை என்றதும் வெளியிலிருந்து இடப்பட்டது என்ற எண்ணம் எழுகிறது; ‘நுண்புழை’யோ, மெல்லிய குழாயில் நீர் ஏறும் நிகழ்வுக்குப் பாடநூல்களில் உரியதாகிவிட்டது. மிஞ்சுவது ‘புரை’. புரையோடிய புண் என்கிறோமே, அங்கே மேற்பரப்புக்கு அடியில் கிளைத்துப் பரவிய குழிவைத்தான் சொல்கிறோம். 292ஆம் குறளின் ‘புரைதீர்ந்த நன்மை’யில் இச்சொல் குற்றத்தைக் குறிப்பது மெய்யே, எனினும் ‘புரைமை’ (புரைகள் கொண்டிருக்கும் தன்மை) என்ற பண்புப்பெயரும் எளிதில் பிறப்பதால் நான் இதையே தேர்வேன்.

புரை உள்ளிருந்தே உண்டாவதற்கு, சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையுச்சியில் கிடைக்கும் பாக்சைட்டு என்னும் அலுமினியத் தாது நல்ல சான்று. அடியிலுள்ள சார்னோகைட்டுப் பாறை கெட்டியானது. நெடுங்கால மழை சிலிக்காவைக் கரைத்துச் சென்றதால் மேலே புரைமிக்க பாக்சைட்டு உருவாயிற்று. அதிலுள்ள கிப்சைட்டுக் கனிமத்தைச் சூடாக்கினால் நீர் வெளியேற, அது இருந்த இடங்கள் நானோமீட்டர் அளவுப் புரைகளாகின்றன.

வகைப்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. 2 நானோமீட்டருக்கும் குறைந்ததை வேதியியலார் ‘மைக்ரோபோர்’ என்பர். ஒரு மைக்ரோமீட்டரோ 1,000 நானோமீட்டர். ஆகவே முன்னொட்டை அளவாகக் கொள்ளாமல், 2 நானோமீட்டருக்குக் கீழ் நுண்புரை, 2 முதல் 50 வரை இடைப்புரை, அதற்கு மேல் பெரும்புரை எனலாம்.

மண்பானையின் புரைகள் பெரியவை. அங்கே கசியும் நீர் வழக்கமான நீர்தான். ஏறத்தாழ 2 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்காப் புரையில் குறுக்காக ஏழு நீர் மூலக்கூறுகளே நிற்க முடியும். அவற்றுள் பல சுவரை ஒட்டியவை. பொருள் எந்த அலைகளை உறிஞ்சுகிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலையில் சாதாரண நீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் அதிர்வு, சென்டிமீட்டருக்கு 3,400 அலைகளை ஒட்டியும், பனிக்கட்டியினுடையது 3,200 அளவிலும் தெரியும்; ஆகவே நீர் உறைந்ததா இல்லையா என்பதை நிறமாலை கொண்டு அறியலாம். இத்தகைய புரையில் அடைபட்ட நீரைச் சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தாலும் அது படிகமாவதில்லை. நீர்மம், வளிமம் இரண்டையும் ‘பாய்மம்’ தழுவுவதால், தொடக்கத்தில் சொன்ன துறையை ‘நானோபுரைகளில் அடைபட்ட பாய்மங்களின் நிறமாலையியல்’ எனலாம்.