சலவைச் சீட்டில் 'டேமேஜ்' என்று மட்டும் எழுதாதீர்கள்

ஊட்டி, குன்னூர் ஓட்டல்களில் லாண்டரி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: துணியைத் தண்ணீரில் போடும் முன் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், பார்த்ததைச் சீட்டில் எழுதுங்கள். எழுதாமல் விட்ட பழைய கிழிசல், துணி அறைக்குத் திரும்பியதும் நீங்கள் கிழித்ததாகிவிடும். வெறுமனே 'டேமேஜ்' என்று எழுதினாலும் அதே கதிதான், எங்கே என்ன என்று அதில் இல்லையே.

சீட்டில் எழுத வேண்டிய இங்கிலீஷ் சொற்கள் இவை. காலர் விளிம்பிலோ கஃப்பிலோ நூல் பிரிந்து தொங்கினால் ஃப்ரேய்டு. முழங்கையில் ஓட்டை விழாமல், நெசவு மட்டும் தேய்ந்து மறுபக்க வெளிச்சம் தெரிந்தால் த்ரெட்பேர். மெஷினில் போட்டால் முதலில் கிழிவது அந்த இடம்தான், கையால் அலசுங்கள். எதிலோ மாட்டி ஒரு நூல் வளையமாக வெளியே வந்திருந்தால் ஸ்னாக், அதைக் கத்தரிக்கவே கூடாது, ஊசியால் உள்பக்கம் இழுத்துவிட வேண்டும்.

நம்ம ஊரில் பெரும்பாடு கம்பளியோடுதான். ஸ்வெட்டர் அக்குளில் சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டிருப்பது பில்லிங். அக்ரிலிக் கலந்ததில் இழை பலமானது என்பதால் உருண்டை தானாக உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் மாத்-ஈட்டன் என்று எழுதுங்கள். அரிப்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட கம்பளி என்றால் அதற்கு இன்னும் இஷ்டம், அதனால் துவைக்காமல் பீரோவில் மடித்து வைக்கக் கூடாது. அப்புறம் ஃபெல்டட்: சூடான தண்ணீரில் போட்டு அலைக்கழித்த கம்பளியின் இழைச் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துப்போவது. அதைப் பழையபடி ஆக்கவே முடியாது என்பதால் வரும்போதே அப்படி இருந்ததா என்று கட்டாயம் பாருங்கள். ஜூன் மழை தொடங்கிவிட்டால் பருத்தியில் பூஞ்சைப் புள்ளி வரும், அது மில்டியூ.

விருந்தினரிடம் 'யுவர் ஷர்ட் இஸ் ஓல்ட்' என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். 'தி காலர் இஸ் எ லிட்டில் ஃப்ரேய்டு, சார்' என்று சொல்லிப் பாருங்கள், அவரே குனிந்து பார்ப்பார். கூடவே வழியும் சொல்லுங்கள்: காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கலாம், ஸ்வெட்டர் ஓட்டைக்கு டார்னிங் (ஊசி நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஓட்டையை அடைப்பது), தேய்ந்த முழங்கைக்கு பேட்ச். சரி என்றால் தையல்காரரிடம் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் சீட்டில் அவர் கையெழுத்து வாங்கிய பிறகே துணியை நனையுங்கள்.