ஆரஞ்சுத் தோல்: கார் வண்ணப்பூச்சில் வழங்கும் ஒரு சொல்

புதிய காரின் கதவில் விழும் குழல்விளக்கின் பிம்பம் நேர்க்கோடாக இராமல், ஓரங்கள் நெளிந்தும் சிதைந்தும் தெரிவதுண்டு. பூச்சின் மேற்பரப்பு முழுச் சமனாக இல்லாமல் மிக நுண்ணிய மேடுகளும் பள்ளங்களுமாக உறைந்திருப்பதே இதற்குக் காரணம். இத்தோற்றத்தை வண்ணப்பூச்சுத் துறையினர் 'ஆரஞ்சு பீல்' (ஆரஞ்சுத் தோல்) என்கின்றனர். இதே தொடருக்கு நேரான பிரெஞ்சுத் தொடர், மார்பகத் தோல் தடித்துக் குழிகுழியாகத் தோன்றும் அறிகுறிக்கு மருத்துவத்தில் பெயராக நிலைத்துள்ளது. கார்ப் பூச்சில் காணும் தோற்றத்துக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதே இங்கு கேள்வி.

தொழிற்சாலையில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் கிண்ணங்கள் பூச்சைத் துளிகளாகச் சிதறடிக்கின்றன. காரின் உடற்பகுதியில் விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமனாவதற்குள் கரைப்பான் ஆவியாகிப் பூச்சு இறுகிவிட்டால், அந்த மேடுபள்ள அலை அப்படியே தங்கிவிடுகிறது. மேற்பரப்பு இழுவிசை அலையைச் சமப்படுத்த முயல்கிறது. பாகுத்தன்மை அதைத் தடுக்கிறது. மெல்லிய படலத்தில் அலைநீளம் இரட்டித்தால் சமனாவதற்கு 16 மடங்கு நேரமும், படலத்தின் தடிமன் பாதியானால் 8 மடங்கு நேரமும் தேவைப்படும் என்கிறது பாய்ம இயற்பியல். நிறப்பூச்சின் மேல் அடிக்கப்படும் நிறமற்ற மேற்பூச்சான கிளியர் கோட்டின் தடிமனோ ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான்தான். கதவு போன்ற செங்குத்தான பகுதிகளில் தடிமனாக அடித்தால் பூச்சு வழிந்துவிடும் என்பதால் அங்கே தடிமனைக் கூட்டவும் வழியில்லை. பானெட்டைவிடக் கதவில் இத்தோற்றம் மிகுந்து தெரிவது இதனால்தான்.

'ஆரஞ்சு' ஆங்கில வழியாகத் தமிழுக்கு வந்த சொல். ஆங்கிலம் அதைப் பழைய பிரெஞ்சிலிருந்து பெற்றது. அதற்குப் பின்னே அரபியின் 'நாரஞ்ச்', பாரசீகத்தின் 'நாரங்', வடமொழியின் 'நாரங்க' என்று சொல்வழி பின்னோக்கி நீள்கிறது. வடமொழிச் சொல் திராவிட மொழிகளிலிருந்து சென்றிருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பியலார் பலரின் கருத்து. தமிழின் 'நாரத்தை'யும் மலையாளத்தின் 'நாரங்ங'யும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முன்வரும், 'ஒரு' எனப் பொருள்படும் சொல்லின் 'ன்' ஒலியோடு கலந்து பழப்பெயரின் முதல் 'ந்' ஒலி மறைந்தது. ஸ்பானிய 'நரன்ஹா'வில் அது இன்றும் ஒலிக்கிறது. எனவே 'நாரத்தைத் தோல்' என்று சொன்னால் அது வலிந்த ஆக்கமாகாது. நாரத்தையின் தடித்த, புள்ளிக்குழிகள் நிறைந்த தோல் இத்தோற்றத்துக்கு மிகவும் பொருந்துகிறது. 'தோடம்பழம்' என்று வழங்கும் ஈழத்தில் 'தோடம்பழத்தோல்' என்பதும் இயல்பாகவே அமையும்.

ஆயினும் உவமைப் பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அளவீட்டு அறிக்கை எழுத முடியாது. கலைச்சொல்லாக 'சொரசொரப்பு' என்பதை ஆளலாகாது என்பது என் உறுதியான கருத்து. சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படும் குணம். இதுவோ தடவினால் வழவழப்பாகவும், பார்த்தால் அலையாகவும் இருப்பது. 'நெளிவு' எனலாம் என்றால், டிங்கரிங் பட்டறையில் அது தகட்டில் விழுந்த அடியைக் குறித்துவிடும். அளவீட்டுக் கருவிகளும் இதை அலையாகவே கணக்கிடுகின்றன: பூச்சின் மேல் ஒளிக்கற்றையை ஓட்டி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் 30 மில்லிமீட்டர் வரையிலான அலைநீளங்களைத் தனித்தனியே பிரித்துத் தருகின்றன. ஆகவே 'பூச்சலை' என்னும் சொல்லைப் பரிந்துரைக்கிறேன். குறும்பூச்சலை, நெடும்பூச்சலை என அது எளிதில் விரியும். சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுவது நெடும்பூச்சலை. அருகில் சென்றால் பிம்பத்தின் கூர்மையைக் குலைப்பது குறும்பூச்சலை.

இச்சொல்லில் குறை என்னும் பொருள் தானாக ஏறிவிடாமல் இருப்பதும் நல்லது. பூச்சலை ஓரளவு எல்லாத் தொழிற்சாலைப் பூச்சிலும் உண்டு; ஒரு கதவை மட்டும் மறுபூச்சு செய்யும் பெயிண்டர், பக்கத்துக் கதவோடு ஒத்துப்போக அதே அளவு பூச்சலையை வேண்டுமென்றே விட்டுவைப்பார். வாட்டர் பேப்பரால் தேய்த்து அதை முழுவதும் நீக்கினால் பளபளப்பு கூடும். ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட்டும் அந்த அளவுக்குக் குறையும். அளவு மீறி மிகும்போது மட்டும் 'மிகைப் பூச்சலை' என்று குறித்தால் இயல்பும் குறையும் வேறுபட்டு நிற்கும்.