ஸ்மெக்மா: குதிரை லாயத்துக்கு வந்த கிரேக்கச் சோப்பு

ஆண் குதிரையின் குறி எந்நேரமும் வெளியே தெரிவதில்லை. அடிவயிற்றில், பின்கால்களுக்குச் சற்று முன்னால், தோல் இரண்டு மடிப்பாக மடிந்து ஒரு பை போல இருக்கும். குறி அதற்குள் சுருங்கிக் கிடக்கும். உதிர்ந்த தோல் செல்கள், தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை, வியர்வை, சிறுநீர் ஈரம், லாயத்துப் புழுதி எல்லாம் அந்தப் பைக்குள் சேர்ந்து, சாம்பலும் கறுப்புமாக ஒரு பிசுக்கு உண்டாகும். சில குதிரைகளுக்கு அது வெண்ணெய் மாதிரி வழவழப்பாக இருக்கும், சிலவற்றுக்குக் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிரும். நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கால்நடை மருத்துவர்கள் இந்தப் பிசுக்கைத்தான் ஸ்மெக்மா என்கிறார்கள்.

சொல் கிரேக்கம். அந்த மொழியில் ‘ஸ்மேக்மா’ என்றால் சோப்பு, அழுக்குப் போகத் தேய்க்கும் பொருள். துடைத்துச் சுத்தம் செய்வதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. பார்வைக்குப் பழைய காலத்துக் குழைவான சோப்பு போல இருந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். லத்தீன் வழியாக மருத்துவ நூல்களில் ஏறி, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. சோப்பு என்று பெயர் வாங்கிய பொருளை இன்று சோப்புப் போட்டுக் கழுவப் போகிறோம் என்பது தனி வேடிக்கை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘குறிமலம்’ என்று ஒரு யோசனை வரும். பழைய வழக்கில் மலம் என்பது எல்லா வகை அழுக்குக்கும் பொது. சைவ சித்தாந்தத்தின் மும்மலம்கூட அந்தப் பொருளில்தான். ஆனால் இன்று மலம் என்றதும் எல்லோருக்கும் ஒரே ஒரு பொருள்தான் தோன்றும், குதிரை லாயத்தில் அது வேறு கூடை கூடையாகக் கிடக்கும். குழப்பம் வேண்டாம். ‘குறியழுக்கு’ என்றால் புரியும். ஆனால் அழுக்கு என்று பெயர் வைத்தால் அடுத்த நொடியே தேய்த்து எடுக்கக் கை பரபரக்கும், அதுதான் சிக்கல். உடம்பு தானாகச் சுரப்பவற்றுக்குத் தமிழில் இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: கண்ணில் வந்தால் பீளை, காதில் வந்தால் குறும்பி. காதுக் குறும்பியை அடியோடு சுரண்டி எடுப்பது நல்லதல்ல என்று இப்போது பலருக்கும் தெரியும். ஸ்மெக்மாவும் அந்த இனம்தான். அதனால் என் ஓட்டு ‘உறைக்குறும்பி’க்கு.

உறை என்ற பகுதி இதில் முக்கியம். மனிதருக்கு நுனித்தோல், முன்தோல் என்கிறோம். குதிரைக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அங்கே தோல் நுனியில் மட்டும் இல்லை, முழுக் குறியையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஷீத் என்பார்கள், வாள் உறைக்கும் அதே சொல்தான். லத்தீனில் வாள் உறைக்கு வஜைனா என்று பெயர். அது பெண் உறுப்புக்குப் போய்ச் சேர்ந்தது, ஆங்கில உறை ஆண் குதிரைக்கு வந்து சேர்ந்தது. தமிழ் உறைக்கு அந்தச் சங்கடம் இல்லை. தலையணைக்கும் உறை, கடிதத்துக்கும் உறை.

சரி, இந்தக் குறும்பியை எடுக்க வேண்டுமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக் கழுவும் பழக்கம் குதிரைக்காரர்களிடம் பரவலாக உண்டு. இப்போது பல குதிரை மருத்துவர்கள், நாள் குறித்துக் கழுவத் தேவையில்லை, அவ்வப்போது கவனித்தால் போதும் என்கிறார்கள். உறைக்குள் தீங்கு செய்யாத பாக்டீரியா கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. போவிடோன் அயோடின், குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினிகளால் திரும்பத் திரும்பக் கழுவினால் அந்தக் கூட்டம் காலியாகி, சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பொல்லாதவை வந்து உட்கார்ந்துகொள்ளும். பொலிகுதிரையாக இருந்தால் அவை பெட்டைகளுக்கும் தொற்றி, சினை பிடிக்காமல் போகும். பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் குணிகல், திப்பு சுல்தான் காலத்திலிருந்து குதிரைப் பண்ணைக்குப் பேர்போன ஊர். அப்படிப்பட்ட இடங்களில் இது பணத்தைத் தொடும் விஷயம்.

கழுவியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் வேலையைச் செய்பவர் சயீஸ். இது அரபுச் சொல், குதிரையைப் பராமரிப்பவர் என்று பொருள். அரசியலைக் குறிக்கும் ‘சியாசத்’ என்ற உருதுச் சொல்லும் அதே வேர்தான். முரட்டுப் பிராணியை வழிக்குக் கொண்டுவருவது இரண்டுக்கும் பொது போலிருக்கிறது. தமிழில் வாதுவன் என்ற அழகான பழஞ்சொல் அகராதியில் தூங்குகிறது. பெங்களூர் லாயங்களில் தமிழும் கன்னடமும் தக்கினி உருதுவும் ஒரே வாக்கியத்தில் புரளும். அங்கே சயீஸை வாதுவரே என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எலகங்கா பக்கத்து லாயம் ஒன்றில் ஒரு தமிழ் சயீஸ் இதைச் செய்வதைப் பார்த்தேன். கையுறை போட்டுக்கொண்டார். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, அவ்வளவுதான். மார்கழிக் காலைப் பச்சைத் தண்ணீரைக் குழாயில் பீச்சினால் குதிரை உறையை இன்னும் இறுக்கிக்கொள்ளும் என்றார். இடது தோளருகே, உடம்போடு ஒட்டி நின்று, ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டார். குதிரை பின்கால் ஒன்றை முன்பக்கமாக வீசி உதைக்கும். ஒட்டி நின்றால் அடி விசை குறைவு, உடம்பு இறுகுவதும் கைக்கு முன்கூட்டியே தெரியும். “எடுத்த எடுப்புல கீழ கை போனா எந்த ஆம்பளதான் சும்மா இருப்பான் சார்? மொதல்ல தோள்ல கை வெச்சுப் பேசணும்” என்றார். பேசிக்கொண்டே விலா, வயிறு என்று கையை மெதுவாக நகர்த்தினார். ஊறிய பொருக்கு மட்டும் பஞ்சோடு வந்தது. ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் நகத்தால் சுரண்டவில்லை. கடைசியில் நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டார்.

குறியின் நுனியில், சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றி ஒரு சிறு குழி உண்டு. அங்கே குறும்பி தேங்கி, உருண்டு, கெட்டியாகும். ஆங்கிலத்தில் அதற்குப் பீன் என்று பெயர். தமிழில் பீன்ஸ் என்றால் பொரியல்தான் நினைவுக்கு வரும், குதிரையோடு சேர்த்துச் சொன்னால் கொள்ளு. இரண்டும் உதவாது. உருவத்தைப் பார்த்தால் ‘மொச்சை’ சரியாக இருக்கும். குளிர்காலத்தில் தெருவெல்லாம் மொச்சை, கன்னடத்தில் அவரேக்காய், மணக்கும் பெங்களூரில் இந்தப் பெயருக்கு விளக்கம்கூட வேண்டாம். மொச்சை பெருத்தால் சிறுநீரே அடைத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். துவாரம் விரிந்து கொடுக்கக்கூடியது, முழு அடைப்பு அரிது. ஆனால் பெரிதானால் உறுத்தும், சிறுநீர் கோணலாகப் பீச்சும். அப்போது எடுத்துவிட வேண்டியதுதான்.

குறும்பி அதிகம் சேர்வது காயடித்த குதிரைகளுக்கு. லாயங்களில் அக்தா என்பார்கள், பாரசீகத்திலிருந்து இந்தி வழியாக வந்த சொல். இவற்றில் பல, சிறுநீர் கழிக்கும்போதுகூடக் குறியை முழுதாக வெளியே விடுவதில்லை.

குறும்பியை விடக் கவனிக்க வேண்டியவை வேறு. உறை வீங்குவது, இரத்தக் கசிவு, ஆறாத புண், பருக்கள் போன்ற வளர்ச்சி. ஈக்கள் ஈரமான இடத்தில் ஹாப்ரோனீமா என்ற புழுவின் குஞ்சுகளை விட்டுப் போவதாலும் புண் வரும். வெளிர் நிறத் தோலுள்ள குதிரைகளுக்குக் குறியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். முன்பு பழியை ஸ்மெக்மா மீது போட்டார்கள். இப்போது குதிரைப் பாப்பிலோமா வைரஸின் இரண்டாம் வகையோடு இந்தப் புற்றுநோய்க்குள்ள தொடர்பு தெரிந்திருக்கிறது. இவற்றில் எதைக் கண்டாலும் வாளியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் குதிரையை மயக்கப்படுத்தித்தான் பார்ப்பார். பொலிகுதிரை என்றால் என்ன ஊசி போடப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்து போட்டால் அரிதாகச் சில குதிரைகளுக்குக் குறி உள்ளே திரும்பாமல் தொங்கியே நின்றுவிடும்.